நோன்பில் அளந்த தலை

ஜூலை 7, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல்.

நோன்போடு இருந்தவளின் நினைவை அளந்துவிட்டு, அதுதான் அவளுடைய இயல்பு என்று எழுதி வைத்துவிட்டார்கள். அநியாயம். வேறு சொல் இல்லை.

றமழானில் நடந்தது. என் மனைவி ஹமீதாவுக்கு மார்பிலிருந்து மூளைக்கு ஏறிய புற்று. தலைக்குக் கதிர் வைத்தியம் பிடிக்கும் முன் நினைவுச் சோதனை. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று மௌலவி சொல்லியும் அவள் விடவில்லை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டை முடித்து பஸ் ஏறினோம். கூப்பிட்டது பின்னேரம், அஸர் நேரம். தொண்டை வறண்டு, கண் சொருகி இருந்தாள். நோன்போடு இருக்கிறாள், வேறு நாள் தாருங்கள் என்று சோதனை செய்த பிள்ளையிடம் சொன்னேன். "இன்னொரு நாள் தர ஏலாது ஐயா." பத்துச் சொல்லில் மூன்றுதான் திரும்பச் சொன்னாள். நோன்பு என்று எங்கும் குறிக்கவில்லை.

இன்று மறு சோதனை. காலையில், பாணும் சம்பலும் சாப்பிட்ட பின். அதே மூன்று சொல். டாக்டருக்குத் திருப்தி. மாற்றமே இல்லையாம். ஆனால் ஸ்கேனில் மூளையில் புதிதாகப் புள்ளிகள் தெரிகின்றனவாம். முதல் கதிர் புத்தியைக் கெடுக்காதபடியால் முழுத் தலைக்கும் மறுபடி கொடுக்கலாமாம். கொடுக்காவிட்டால்? சில மாதம் என்றார். மறைக்கவில்லை, அது சரி. அடுத்த செவ்வாய் கையெழுத்து வைக்க வேண்டும்.

மாற்றமில்லையாம். வயிறு நிறைந்தும் அதே மூன்று என்றால் குறைந்திருக்கிறது என்றுதானே கணக்கு. குர்பான் இறைச்சி எந்த வீட்டுக்கு எத்தனை பங்கு என்று மனத்திலேயே வைத்துப் பிரித்தவள். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரே வீட்டுக்கு மூன்று தடவை அனுப்பினாள். சொந்தத் தங்கைக்கு ஒன்றும் போகவில்லை. தங்கை இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

ஜூலை 8, புதன்

காற்று அதே. மிளகாய்க்குத் தண்ணீர் விட்டேன். மோட்டார் இழுக்கிறது, பார்க்க வேண்டும்.

நானே ஹமீதாவைச் சோதித்தேன். காலையில் ஐந்து சொல் சொல்லி வைத்தேன்: சீனி, தேசிக்காய், சவர்க்காரம், நூல், வெற்றிலை. ளுஹர் தொழுதுவிட்டுக் கேட்டேன். சீனி மட்டும் சொன்னாள். மறுபடி சொன்னேன். மறுபடி கேட்டேன்.

"நான் என்ன மதரஸாப் புள்ளயா? வெத்தில வேணுமெண்டா கடைக்குப் போங்க."

வெற்றிலை ஞாபகம் இருக்கிறது. கணக்கில் சேர்ப்பதா? களைத்தவளைப் பிடித்து நானும் அளக்கிறேன். விட்டுவிட்டேன்.

ஜூலை 10, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பின் மகன் நிஸார் தில்லையடியிலிருந்து வந்தான். கையெழுத்து வைக்கத்தான் போகிறானாம். டாக்டர் படித்தவராம், நான் பேப்பர் வாசித்துப் படித்தவனாம். ஓம், அப்படித்தான் படித்தேன். பொய்க் கணக்கைப் பார்த்தால் தெரியும்.

"கணக்கு உங்களுக்கு வாப்பா. எனக்கு உம்மா உயிரோட இரிக்கோணும்."

"ஒன்னை யாரெண்டு தெரியாம இரிந்தாலுமா?"

அவன் கண் கலங்கியது. நானும் குரலை உயர்த்திவிட்டேன்.

ஹமீதா அடுப்படிக் கதவில் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமோ.

"என்ட தலயப் பத்தி ரெண்டு பேரும் கதைக்கிறீங்க. என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு கோப்பைக்கும் சீனி போடவில்லை. குடித்தோம். நிஸார் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

உண்மை. டாக்டர் என்னிடம் கேட்டார், மகனிடம் கேட்டார். அவளிடம் பத்துச் சொல்லை மட்டும் கேட்டார்கள்.

ஜூலை 11, சனி

காற்றுக் குறைவு. ஹமீதா படுத்தே இருக்கிறாள். தலைவலி. கஞ்சி இரண்டு வாய்.

செவ்வாய்க்கு முன் ஆக வேண்டியவை:

டாக்டர்: முதல் சோதனை நோன்பில் எடுத்தது, அதை வைத்து ஒப்பிட ஏலாது என்று எழுத வேண்டும். எழுதும்வரை அறையை விட்டு வெளியே வரமாட்டேன். மறுபடி கதிர் பிடித்தால் புத்தி எவ்வளவு போகும் என்பதையும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும்.

சோதனைப் பிள்ளை: அன்று நான் நோன்பு என்று சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிஸார்: உம்மா சொல்லும்வரை பேனையைத் தொடக் கூடாது. அந்தச் சில மாதக் கதையையும் அவன்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். என்னால் ஏலாது.

நான்: விடிய சுபஹுக்குப் பின், அவள் தெளிவாக இருக்கும் நேரத்தில், கதிர் வேணுமா என்று அவளிடமே கேட்பது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது.

ஹமீதா: ஓம், அல்லது வேண்டாம்.