ஒரு சிட்டிகைப் பிண்ணாக்குத் தூள்

1936 ஆகஸ்டு, வெள்ளி.

அக்கா மகள் செல்லிக்கு இன்றும் மூச்சிழுப்பு. இராயபுரத்தில் இரண்டு குழந்தை டாக்டர்கள் பார்த்தார்கள். எங்கள் குடிசையை ஒட்டிய விளக்கெண்ணெய் ஆலையின் பிண்ணாக்குத் தூசிதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அதே தூளைக் கரைத்துத் துளித்துளியாக ஊசியில் ஏற்றினால் உடம்பு பழகிவிடும் என்றார் இளையவர். அளவு தப்பினால் பிள்ளை பிழைக்காது, வீட்டை மாற்றுங்கள் என்றார் பெரியவர். எங்கே மாற்றுவது என்று அவர் சொல்லவில்லை. ஆலையை மாற்றச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அக்கா ஊசிக்குச் சம்மதித்தாள். இளையவர் ஒரு சிட்டிகைத் தூள் கேட்டார்.

ஆலையில் கணக்கெழுதும் நான் மாலையில் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தேன். வாசலில் காவல்காரர் சோதித்தார்.

“இன்னா நைனா, பிண்ணாக்கு கடத்துறியா?”

“கொழந்தைக்கு மருந்து செய்யணும் அண்ணே.”

“கம்பெனி சொத்துபா. தொரை பாத்தா ரெண்டு பேரு வேலையும் பூடும்.”

பிடுங்கிக் கொட்டினார். காற்று அதைச் சுவர் தாண்டி எங்கள் குடிசைகள் பக்கம் கொண்டுபோனது. அதை யாரும் தடுக்கவில்லை.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அவளும் அதே ஆலையில்தான் பிண்ணாக்கு மூட்டை கட்டுகிறாள். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள்.

“இதுக்கா இவ்ளோ பேஜாரு?” என்று சிரித்தபடி என் கையிலிருந்த வெறுங்காகிதத்தை வாங்கி விரித்து, முந்தானையை உதறினாள். தூள் பொலபொலவென்று விழுந்தது. மூலையில் செல்லி இருமத் தொடங்கினாள். அக்காவின் சிரிப்பு நின்றது.

“அப்போ நான்தான் தெனிக்கும் வூட்டுக்கு எத்துகினு வரேனாடா?”

நான் காகிதத்தை மடித்தேன். காலையில் ஆலைச் சங்கு ஊதினால் அவள் போகத்தான் வேண்டும்.