ஒரு சைக்கிள், நான்கு முழங்கால்

மார்ச் 8, ஞாயிறு

இன்று பாதி வழியில் திரும்பிவிட்டோம். பாலத்து ஏற்றத்தில் என் வலது முழங்காலுக்குள் சுருக்கென்று குத்தியது. கொஞ்ச நாளாக இருப்பதுதான், இன்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இவர் இறங்கி, எங்கள் நீளச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். முன்னால் இவர், பின்னால் நான், இருவரும் சேர்ந்து மிதிக்கும் வண்டி. இன்று நான் பக்கத்தில் நொண்டி.

மருந்துக்கடையில் நாள் முழுக்க ஊராரின் வலிக்குத் தைலம் எடுத்துக் கொடுக்கிறவள் நான். எனக்கு வந்தால் மட்டும் தானாகச் சரியாகிவிடுமாம். என்ன கொழுப்பு!

இவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, இரவு ஷிஃப்ட். எனக்குப் பகல். இவர் செருப்பைக் கழற்றும் நேரத்தில் நான் மாட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்தான் எங்கள் குடித்தனம். அதுவும் போய்விட்டால்?

மார்ச் 12

பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சின்ன வயதுப் பெண், கண்டிப்பான பெண். என்னை ஒற்றைக்காலில் படியிறங்கச் சொல்லிவிட்டு என் முழங்காலையே பார்த்தார். அது உள்பக்கமாகச் சாய்ந்தது.

“பாத்தீங்களா? இடுப்புல பலமில்ல. அதோட வேலையையும் சேத்து முட்டி பாக்குது. சைக்கிள்ல திரும்பத் திரும்ப ஒரே அசைவுதான். சில தசை ஓயாம உழைக்கும், சிலது தூங்கிட்டே இருக்கும்.”

“சைக்கிள விட்டுடணுமா மேடம்?”

“யார் சொன்னா? மேடு வேணாம், சமதரையில மெதுவா போங்க. கூடவே இடுப்புக்குப் பலம் ஏத்துங்க.”

வாரத்தில் இரண்டு நாள். நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்க வேண்டும், ஒற்றைக்காலில் மெல்லப் படியிறங்க வேண்டும். பழகியதும் கையில் எடை. அவ்வளவுதானா என்று நினைத்துவிட்டேன்.

மார்ச் 17

அவ்வளவுதான் இல்லை. எழும்போதெல்லாம் முனகல் கேட்கிறது. நாற்காலியா, நானா?

மார்ச் 20

தொடை இரண்டும் கல். கடையில் கீழ்த்தட்டு மருந்து கேட்டவர்களை எல்லாம் மனதுக்குள் திட்டினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வண்டி பறக்கிறது! மேடு வேண்டாம் என்று பிசியோ சொன்னதை ஞாபகப்படுத்தினேன். இவர்தான், “பாலம் வரைக்கும் போய்ப் பாப்போமே” என்றார். ஏறியே விட்டோம். முழங்கால் மூச்சுவிடவில்லை. “எல்லாம் என் தொடையோட மகிமை” என்று இவர் முதுகில் தட்டிப் பீற்றிக்கொண்டேன். இவர் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

மகள் பேசினாள். அவள் ஊரில் ஜூன் கடைசியில் பேக்கரி திறக்கிறாள். “அந்த நீளச் சைக்கிள்லதான் வரணும், பஸ்ல வந்தா உள்ள விடமாட்டேன்.” சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு கிண்டல்: அப்பா மிதிக்கிறாராம், அம்மா சவாரி போகிறாளாம். வந்து காட்டுகிறேன்.

ஏப்ரல் 22

கோபம் கோபமாக வருகிறது.

இன்று கல்லாவில் இருக்கும் பெண் கேட்டாள்: “அக்கா, முட்டிக்குப் போடுற பெல்ட் சரியா இருக்கா? சார் போன வாரம் வாங்கிட்டுப் போனாரே, உங்களுக்குத்தானே?”

எனக்கு இல்லை. அலமாரியில் இவருடைய பனியன்களுக்கு அடியில் இருந்தது.

இந்தச் சைக்கிளில் இருவர் மிதியும் ஒரே சங்கிலியில் சேர்ந்து சுற்றும். ஒருவர் எவ்வளவு அழுத்துகிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. எனக்கு வலிக்கக் கூடாதென்று இத்தனை ஞாயிறும் இரண்டு பேர் பாரத்தையும் இவர் ஒருவரே இழுத்திருக்கிறார். நான் என்னமோ தொடை மகிமை பாடிக்கொண்டு பின்னால் ஜம்மென்று! ஏன்யா இப்படிப் பண்ணின? உனக்கும் முட்டி வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நானும் அழுத்தி மிதிச்சிருக்க மாட்டேனா?

ஊரில் எத்தனை மருந்துக்கடை இருக்கிறது. ஒளித்து வைக்க வாங்கும் மனுஷன் என் கடையிலேயா வாங்குவார்? கேட்டேன். தலையைச் சொறிந்தபடி, “ஊழியர் வீட்டுக்குத் தள்ளுபடி உண்டுல்ல” என்றார். சிரித்துத் தொலைத்துவிட்டேன். பிறகு அழுகை.

“நீ இனிமே வரலன்னு சொல்லிட்டா நான் யாரோட போவேன்?” என்றார்.

ஏப்ரல் 25

எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை இரவல் வாங்கி, தனியாகப் பாலம் வரை போனேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும், இந்த முழங்கால் என் உழைப்பில் தேறியதா, இவர் தயவிலா என்று.

பாதி ஏற்றம்வரை என் உழைப்பு. மீதிக்கு இறங்கித் தள்ளினேன். பரவாயில்லை, பாதி என்னுடையது.

ஏப்ரல் 28

இவரையும் இழுத்துக்கொண்டு பிசியோவிடம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். “ஒருத்தருக்கு மருந்து குடுத்தா இன்னொருத்தர் நோயாளி ஆயிடுறீங்க. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே செய்யுங்க. ரெண்டு பேருக்கும் பலம் வர்ற வரைக்கும் பாலம் பக்கமே போகக் கூடாது.”

சேர்ந்தா? எங்களுக்கு ஏது நேரம்?

மே 5, செவ்வாய்

கண்டுபிடித்தோம். இவர் விடியற்காலையில் வருகிறார், நான் இன்னும் கொஞ்சம் முன்னதாக எழுந்தால் போதும். கூடத்தில் இரண்டு நாற்காலி, எடைக்குத் தண்ணீர் நிரப்பிய இரண்டு கேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒற்றைக்காலில் படியிறங்க வரவில்லை! சுவரைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் படி கோணலா இருக்கு” என்கிறார். இடுப்பைத் தூக்கியபடி இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினோம். அங்கே ஒரு விரிசல் இருப்பது இன்றுதான் தெரியும்.

மே 22, வெள்ளி

கேன் கனம் குறைந்த மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நிரப்பச் சொன்னேன். இவர், “வேலைக்குப் போகணும், பாத்து” என்றார். கூடவே தன் கேனையும் நிரப்பிக்கொண்டார், போட்டிக்கு.

ஜூன் 28, ஞாயிறு

போய்ச் சேர்ந்துவிட்டோம். வழியில் இரண்டு பெரிய மேடு. முதல் மேட்டில் இவர் திரும்பாமலே, “மிதிக்கிறியா?” என்றார். “நீங்க?” என்றேன். இருவருக்கும் மூச்சு வாங்கியது, அதுவே பதில்.

பேக்கரி வாசலில் மகள் மாவுக் கையோடு நின்றாள். “உண்மையச் சொல்லுங்க, யாரு மிதிச்சது?”

நான் இவரைக் காட்டினேன். இவர் என்னைக் காட்டினார்.

ஜூலை 6

பிசியோ இருவரையும் சோதித்துவிட்டு, இனி வர வேண்டாம் என்றார். பயிற்சியை மட்டும் விட்டுவிடக் கூடாதாம், வலி வந்த பிறகு செய்வதைவிட வராமல் செய்வது சுலபமாம். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது ஏனோ வெறுமையாக இருந்தது.

ஜூலை 7, செவ்வாய்

கேன் எடுத்து வைக்கவில்லை. வேலை முடித்துக் களைத்து வருகிற மனுஷன், வலியும் இல்லை, பாவம் தூங்கட்டும் என்று படுத்தே இருந்தேன்.

கதவு திறந்த சத்தம். சமையலறையில் குழாய் ஓடியது. எட்டிப் பார்த்தால், இவர் இரண்டு கேனையும் நிரப்பிவைத்துவிட்டு நாற்காலிகளைப் பக்கம் பக்கமாக நகர்த்திக்கொண்டிருக்கிறார்.

“வலிதான் போயிடுச்சே” என்றேன்.

“வலிக்காகவா இத்தனை நாளா ஓடி வந்தேன்?” என்றார்.

இன்று கடைக்குத் தாமதமாகத்தான் போனேன்.