இரண்டு கையாலும் வாங்கு

முறைத்துப் பார்த்தாலே ரூபிக் கியூப் பயந்துபோய்த் தானாக நிறம் சேர்ந்துகொள்ளும் மகாராணி, என் மருமகள் ஜெயப்ரியாவுக்கு, கோட்டுச்சேரிமேட்டிலிருந்து உன் மணிவேல் மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை அம்மாடி.

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். இங்கே என் பக்கத்தில் உன் அம்மா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் பெங்களூருக்குக் கூரியர்.

நீ கியூப் போட்டியில் ஒற்றைக்கைப் பிரிவுக்கு மாறி அதிலும் சாம்பியன் ஆனாய் என்றதும் நான் வைத்த பேனர் பனைமர உயரம். இலங்கையில் நின்று பார்த்தால் உன் மூக்குத்தி தெரியும். ‘ஒரு கை உலகை வெல்லும், மறு கை ஓய்வெடுக்கும்’ என்ற வாசகம் அடியேனுடையது. இப்போது அதைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

போன வாரப் பாராட்டு விழாவில் பஞ்சாயத்துத் தலைவர் கப்பை நீட்டினார். நீ வலது கையால் மட்டும் வாங்கினாய். பெரியவங்ககிட்ட ஒத்தக்கையால வாங்குது பாருங்க, ஜெயிச்ச திமிரு என்று பெண்கள் பக்கம் ஒரு குரல். அக்கா முகம் சுண்டிப்போனது. நான் எழுந்து, ஒற்றைக்கை சாம்பியன் மறு கையால் கப்பைத் தொட்டால் பட்டத்தைப் பிடுங்கிவிடுவார்கள், சுவிட்சர்லாந்தில் சட்டமே இருக்கிறது என்று புளுகினேன். ஊர் நம்பிவிட்டது. நான்தான் நம்பவில்லை.

ஒரு சிட்டிகை திருநீற்றைக்கூட இடது கையை அடியில் கொடுத்து வாங்குகிற பிள்ளை நீ. அன்றைக்கு அந்தக் கை துப்பட்டாவுக்குள்ளேயே கிடந்தது. தண்ணீர் பாட்டிலைப் பல்லால் திறந்தாய். மீனுக்கு முள் எடுத்துத் தரச் சொல்லி அம்மாவிடம் தட்டை நீட்டினாய். அக்கா அதைச் செல்லம் என்று நினைத்துப் பூரித்துப்போனது.

நம் படகில் வலை இழுத்த சுப்பையனை நினைத்துப் பார். விரல் மரத்துப்போனதைச் சொன்னால் படகில் ஏற்றமாட்டார்கள் என்று மறைத்தான். ஒரே கையால இழுக்குறான்டா பயில்வான் என்று எல்லாரும் கைதட்டினோம். ஆஸ்பத்திரியில், முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள். இப்போது மாரிக்கண்ணுதான் புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள்.

திமிங்கிலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தேன் என்று சொல்லித் திரிபவன் நான். அது பொய். இந்தப் பயம் பொய்யில்லை.

அடுத்த போட்டி கிடக்கட்டும். முதலில் டாக்டரிடம் கையைக் காட்டு. தனியாகப் போகப் பயமென்றால் ஒரு வார்த்தை அனுப்பு, பஸ் ஏறிவிடுகிறேன். அக்காவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. என் புளுகுக்கும் ஒரு எல்லை உண்டு தாயி.

மாரியம்மன் கோயில் திருநீற்றை மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு கையாலும் வாங்கிப் பூசிக்கொள். முடியாவிட்டால் பிரிக்காமல் வைத்திரு. நான் வந்து உன் இடது கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

ஆத்தா துணையிருப்பாள்.

உன் தாய்மாமன்,
ஏழு கடலும் அறிந்த புளுகன்
மணிவேல்