கூட்டிப்போட்ட நான்கு புள்ளி

2025 பெப்ரவரி 6

தராசு வந்துவிட்டது. மில்லிகிராம் வரை காட்டும். கொழும்பிலிருந்து அதை மடியில் வைத்துக் கொண்டுவந்த பஸ் நடத்துனருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்தேன். உலை போன வாரமே வந்தது. பின்னால் விறகு போட்டிருந்த அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

மனைவி சீதாலட்சுமி எட்டிப் பார்த்தாள். "ரிட்டயர் ஆன மனுசன் பேப்பர் படிப்பாரு, கோயிலுக்குப் போவாரு. இவரு ஈயம் காச்சப் போறாரு."

ருவான்வெல்லையிலும் சுற்றுத் தோட்டங்களிலும் பழைய போன், கம்பியூட்டர் பலகைகளிலிருந்து பொழுதுபோக்காகத் தங்கம் பிரிப்பவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். போன் திருத்தும் ஜஸீல்தான் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. கிடைத்ததைக் கேகாலை நகைக்கடைக்குக் கொண்டுபோவார்கள். முதலாளி கல்லில் உரசி ஏதோ சொல்வார், அதுதான் விலை. எவ்வளவு சுத்தம் என்று பிரித்தவர்களுக்கே தெரியாது. விடைத்தாளைப் படிக்காமல் புள்ளி போடுவது போல. நான் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

பெப்ரவரி 19

கேகாலை முதலாளி என்னைச் சோதிக்க மூன்று துண்டு அனுப்பியிருந்தார். அவரிடம் இப்போது சுத்தம் பார்க்கும் மெஷின் இருக்கிறது. என் கணக்கும் மெஷினும் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் விலகவில்லை. "மாஸ்டரின் சீட்டு இருந்தால் நான் மெஷினில் போடவே தேவையில்லை" என்றாராம், சிங்களத்தில். ஆயிரத்துக்கு 990 இருந்தால் சுத்தத் தங்கமாக எடுப்பார். அதற்குக் கீழே போனால் பழைய நகைக் கணக்கு, விலை குறையும்.

அறுபத்துநாலு வயதில் பரீட்சை எழுதிப் பாஸாகியிருக்கிறேன்!

மார்ச் 11

ஜீவராணி வந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னிடம் விஞ்ஞானம் படித்தவள். ரப்பர் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை. தாய்மார் பால்வெட்டப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு வருடம் பிரித்துச் சேர்த்ததை ஒரே வில்லையாக உருக்கிக் கொண்டுவந்திருந்தாள். சட்டைப் பொத்தான் அளவுதான். கைக்குட்டையை நாலு தரம் அவிழ்த்தாள்.

"எப்புடி சேர் பாப்பீங்க?"

மேலே கொஞ்சம், அடியில் கொஞ்சம் வெட்டினேன். கலக்காத தேநீரின் அடியில் சீனி நிற்குமே, அது போல வில்லையின் அடியும் மேலும் ஒன்றாக இருக்காது என்றேன். அதைக் கொஞ்சம் வெள்ளியோடு ஈயத் தாளில் சுற்றி, எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்து உருக்கினால், ஈயத்தையும் அழுக்கையும் கிண்ணம் குடித்துவிடும். மிஞ்சும் மணியை அமிலத்தில் காய்ச்சினால் வெள்ளி கரைந்துபோகும். பிறகு தங்கம் மட்டும்.

"அப்ப பொய் சொல்லவே முடியாது" என்று சிரித்தாள்.

மார்ச் 13

986. 987. 986.

மூன்று தரமும் பார்த்தாயிற்று. நான்கு குறைகிறது. நான்கே நான்கு.

பள்ளிக்கூடத்தில் 31, 32 எடுத்த பிள்ளையை நான் எப்போதாவது அப்படியே விட்டிருக்கிறேனா? எங்காவது ஒரு படத்துக்கு, ஒரு சமன்பாட்டுக்குக் கூட்டிப் போட்டு 35 ஆக்கிவிடுவேன். பிள்ளை வீட்டுக்கு அழாமல் போகும்.

குறிப்பேட்டில் 986 என்று எழுதினேன். சீட்டில் 990.

மார்ச் 14

ஜீவராணி சீட்டை இரண்டு தரம் வாசித்தாள். அடையாள அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டாள். "ஒரு தடவயிலயே பாஸ், சேர்!"

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 20

ஜஸீல் மூச்சு வாங்க வந்தான்.

"சேர், ஜீவராணி ஒங்கட பேரக் கெடுத்துட்டாள். மொதலாளி சும்மா ஒருக்கா மெஷின்ல போட்டுப் பாத்தீக்கிறார். தொள்ளாயிரத்து எம்பத்தாறுதான் ஈக்கிது. சீட்ட வாங்கிட்டுப் பொறகு என்னமோ கலந்தீக்கிறாள்."

"மெஷின் பிழையாக இருக்கலாம்" என்றேன்.

"மெஷின் பிழை விடும், சேர் பிழை விட மாட்டீங்க. மொதலாளியே அப்பிடித்தான் சொன்ன."

"டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன். அதுதான் கேட்டேன்.

மார்ச் 21

நேற்றே சொல்லியிருக்கலாம். அவன் டீ குடித்து முடிக்கும் வரை நேரம் இருந்தது.

மார்ச் 26

சீதா கோயிலில் கேட்டுக்கொண்டு வந்தாள். "ஜீவராணியப் பத்தி தோட்டத்து லயத்து வீடு பூரா அதே பேச்சுதாங்க. தாயப் போலதான் மகளும்னு சிரிக்கிறாங்களாம்."

அவளுடைய அம்மா அழகம்மா பால்வெட்டியவள். ஒரு மழை மாதத்தில் அவள் கொண்டுவந்த ரப்பர் பாலில் கெட்டி பார்க்கும் மெட்ரோலக் குழாய் அளவுக்கு அமிழாமல் மேலே மிதக்க, தண்ணீர் ஊற்றினாள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான், போட்டார்கள். பால் வடியும் கொட்டாங்கச்சியில் மழை விழுந்திருக்கும் என்று கேட்க ஒருவரும் இல்லை. ஜீவராணி அப்போது என் வகுப்பில் இருந்தாள். மறுநாள் பெஞ்சில் தலையை வைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு அந்தக் குழாயைப் பிடித்தவன் வேறு ஆள். இன்றைக்கு?

ஐயோ, என்ன மனுசன்டா நீ.

மார்ச் 28

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கேகாலைக்குப் போனேன். முதலாளிக்குப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். 986, 987, 986. அவருடைய மெஷின் சொன்னதேதான். சிங்களத்தில் சொல்ல எனக்கு வார்த்தைக்குத் தட்டுப்பாடு இல்லை. ஆனாலும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது, அவர் நம்பவில்லை.

கோபப்படவில்லை. "மற்றச் சீட்டுகள்?" என்றார்.

எல்லாம் சரி என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும், மாஸ்டர்?"

என் முன்னாலேயே ஜஸீலுக்குப் போன் எடுத்து, அந்தப் பெண் மேல் பிழை இல்லை என்று சொன்னார். இனி என் சீட்டு வேண்டாம் என்பதையும் அதே போனில் சொன்னார்.

மார்ச் 29

பிள்ளை மடுவத்துக்குப் போனேன். ஜீவராணி ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். ஜஸீல் சொல்லியிருந்தான் போல, உட்காரச் சொல்லவில்லை.

"நான் கேட்டேனா சேர்?"

"இல்லம்மா."

"எம்பத்தாறுன்னு சொல்லியிருந்தா இன்னொரு தடவ கரைச்சி சுத்தமா எறக்கியிருப்பேன். ரெண்டு நாள் வேல. அவ்ளோதான். அதுக்குப் போயி என்னயக் கள்ளியாக்கிட்டீங்களே. ஒம்போது நாளா இந்தப் புள்ளைங்களக்கூட என்கிட்ட விட யோசிச்சாங்க, தெரியுமா?"

குழந்தை சிணுங்கியது. இன்னொரு தோளுக்கு மாற்றினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப, பதினொண்ணாம் வகுப்புல எனக்கு விஞ்ஞானத்துக்கு முப்பத்தஞ்சு போட்டீங்களே. அது?"

"எந்தத் தவணை?" என்றேன்.

"மூணு தவணையும் முப்பத்தஞ்சு. பாஸாயிருவேன்னு அம்மாகிட்ட சொன்னேன். டியூசன் வேணாம்னு நாந்தான் சொன்னேன் சேர்."

ஏப்ரல் 2

பழைய புள்ளிப் புத்தகம் அலுமாரியில் இருந்தது. 2003, மூன்றாம் தவணை. வெளியே 35. உள்ளே பென்சிலில், எனக்கு மட்டும் தெரியும்படி, 28.

முதல் தவணை 31. இரண்டாம் தவணை 30. பிள்ளை மூன்று தவணையாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு தரமும் ஏணி போட்டிருக்கிறேன். டிசம்பரில் அரசாங்கப் பரீட்சைத் தாளைத் திருத்தியவருக்குப் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் மட்டும்தான் தெரியும். அவளைத் தெரியாது, அம்மாவைத் தெரியாது, பெஞ்சில் தலை வைத்ததும் தெரியாது. விழுந்துவிட்டாள்.

இப்படி எத்தனை பேருக்கு?

அழாமல் வீட்டுக்குப் போனார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 30

ஒருவரும் வரவில்லை.

ஜூன் 3

தராசைத் துடைத்து மூடினேன். விறகைத் திரும்ப உள்ளே போடட்டுமா என்று சீதா கேட்டாள். பொறு என்றேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 9

ஜஸீல் வந்தான். சட்டைப் பையிலிருந்து நான்கு சிறு பொட்டலம். பெயர் இல்லை. ஒவ்வொன்றிலும் நாட்காட்டித் தாளிலிருந்து வெட்டிய ஓர் எண் ஒட்டியிருந்தது: 4, 9, 17, 22.

"எழுதினா சேர் கையெழுத்தப் பாத்துக் கண்டுபுடிச்சிருவீங்களாம். அதான் ஒட்டியீக்கிது. யார்டன்னு கேக்கப்படாது."

"கேகாலையில் என் சீட்டை எடுக்க மாட்டாரே?"

"மொதலாளிக்கு இல்ல சேர். எங்களுக்குத் தெரியத்தான். அங்க கொண்டுபோக முந்தி."

"யாருடைய யோசனை?"

"அதையும் கேக்கப்படாது" என்று சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினான்.

ஜூலை 12

4 – 993. 9 – 971. 22 – 990.

17 – 989.

மூன்று தரம் பார்த்தேன். 989, 989, 989. ஒன்றே ஒன்று. பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தக் காகிதத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீதா வாசலில் நின்று, "என்னங்க, யாரு பேப்பர்?" என்றாள்.

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

989 என்று எழுதினேன்.

ஓகஸ்ட் 4

மழை. பிள்ளை மடுவத்துப் பக்கம் இன்னும் போகவில்லை. போய் என்ன சொல்வது?

ஜஸீல் ஒரே ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். பழைய காகிதமே, அதே 17. "இன்னொருக்கா கரைச்சி எறக்கியீக்கிதாம் சேர்" என்றான்.

994.