அஞ்சனக்கல் ஊசியும் உப்பில்லாச் சோறும்

உ

பிரஜோற்பத்தி வருஷம், ஆனி 9, செவ்வாய்

சாரல். தாள் நமுத்திருக்கிறது. எழுத்து ஒன்று ஆனை, ஒன்று எறும்பு, பிள்ளையார் பொறுக்கட்டும். அறுபத்தாறு வயதில் கை பழகி மூன்று மாதம்தான். மகள் சொர்ணம் படுத்த படுக்கையில் சொல்லிக் கொடுத்தது. இன்று 'ழ' நன்றாக விழுந்தது. ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன். சந்தோஷம்.

அவளுக்கு ஏழாவது ஊசி. தூத்துக்குடியில், வாழ்க்கைப்பட்ட இடத்தில் பிடித்த கருங்காய்ச்சல். முகம் கறுத்து, மண்ணீரல் வீங்கி வந்தாள். தென்காசி ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று முறை நரம்பில் குத்துகிறார்கள். மருந்து, கண்மைக்கு அரைக்கும் அஞ்சனக்கல்லில் இருந்து எடுப்பதாம். கம்பவுண்டர் சொன்னார். குப்பியில் ஒட்டியிருந்ததை வாசிக்கப் பார்த்தேன். இங்கிலீஷ்.

கல் மருந்தென்றால் நாட்டு வைத்தியர் கொடுக்கும் செந்தூரம் மாதிரி. முதல் ஊசியிலேயே உப்பு, புளி, எண்ணெய் தள்ளிவிட்டேன். அவள் அம்மா இல்லை. சமையல் என் கை. பத்தியம் யாரும் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

ஆனி 11, வியாழன்

மழை. இலஞ்சியிலிருந்து வண்டி கிடைக்கத் தாமதம்.

எட்டாவது ஊசி. இருமல், வாந்தி. நிறுத்துப் பார்த்தார்கள். நான்கு ராத்தல் குறைவு. மருந்து பிடிக்கவில்லையோ என்கிறார் டாக்டர். செவ்வாயும் குறைந்தால் ஊசியை நிறுத்தி மதுரைக்கு அனுப்புவாராம். அவ்வளவு தூரம் தாங்குவாளா?

சாயந்திரம் கஞ்சியைத் தள்ளினாள். "ஒரு கல்லு உப்பு போடுங்கப்பா."

போடவில்லை. கொல்லையில் போய் நின்றுகொண்டேன்.

ஆனி 13, சனி

வெயில். ஒன்பதாவது ஊசி.

என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்டார். பத்தியம் ஒரு நாள் தவறவில்லை என்றேன், பெருமையாகவே. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கம்பவுண்டர்தான் பேசினார். "செந்தூரத்துக்குல்லா அண்ணாச்சி பத்தியம்? இந்த ஊசிக்கு எதுக்கு? புள்ளையப் பட்டினி போட்டுட்டு, மருந்துல்லா கெட்ட பேரு வாங்குது."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளும் செய்திருப்பாள்.

முட்டை, பால், எல்லாம் கொடுக்கச் சொன்னார் டாக்டர். ஊசியை நிறுத்துவதா என்று செவ்வாய் பார்த்துச் சொல்வாராம்.

மத்தியானம் புளிக்குழம்பு. இலையை வழித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். பதினெட்டு நாள் பசி. நான் வைத்த பசி. அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை இன்னும்.

மூன்று நாளில் உடம்பு ஏறுமா? டாக்டரிடம் கேட்கப் பயம்.

வருகிற செவ்வாய் எடை. குறைந்திருந்தாலும் எழுதுவேன்.