சமக்குறியில் ஒரு குழி

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கு நலம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

நீ அந்த வாட்ச் கம்பெனியில் வரைபடம் போடும் வேலைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. 'மாதிரிக்கு வேண்டும், இரண்டே வாரம்' என்று சொல்லி என் கால்குலேட்டர் வாட்சைக் கழற்றிக்கொண்டு போனாய். நிலம் அளக்கிறவன் நான். ஒரு கையில் டேப்பும் இன்னொரு கையில் போனுமாக எத்தனை நாள் நிற்பது? வெயிலில் போன் திரை தெரிந்து தொலைக்கவில்லை. நேற்று ஒருவர் மனையை அளக்கும்போது கணக்குத் தப்பி, பக்கத்து வீட்டுக் குளியலறையை அவர் மனையில் சேர்த்துவிட்டேன். இரண்டு வீட்டாரும் ஒற்றுமையாகத் திட்டினார்கள். சீக்கிரம் அனுப்பு.

உன்,
ஊமைக்கோட்டான்

மார்ச் 11

என்னங்க,

போனில் உங்களுக்கு 'ம்' தவிர எதுவும் வராது என்றுதான் கடிதம் எழுதச் சொன்னேன். வந்தது கடிதமா, நோட்டீஸா?

வாட்ச் பதினாறு துண்டாக என் மேஜையில் கிடக்கிறது. பழைய காலத்து வாட்ச் மாதிரியே புதிதாகச் செய்வதுதான் இப்போது மோஸ்தர். பொத்தான்களை உங்களுடையதைப் பார்த்து அப்படியே வரைந்தேன். புது வாட்ச் ஒன்று அனுப்புகிறேன், கட்டிக்கொள்ளுங்கள்.

கம்பெனி எனக்குத் தரும் குவார்ட்டர்ஸ் வீட்டு விஷயம் என்ன ஆயிற்று? படிவத்தில் 'தனியா, குடும்பமா' என்று கேட்டிருக்கிறார்கள். குடும்பம் என்றால் இரண்டு அறை. நீங்கள் இங்கே வருகிறீர்களா, இல்லையா? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

உங்கள்,
வாயாடி

மார்ச் 17

அன்புள்ள வாயாடிக்கு,

புது வாட்ச் வந்தது. கனமே இல்லை. அமுக்கினால் குருவிக்குஞ்சு மாதிரி கத்துகிறது. அதெல்லாம் போகட்டும், சமக்குறிப் பொத்தானில் மட்டும் ஏன் ஒரு குழி? என் வாட்ச் வாங்கும்போது அதுவும் மற்றவை போலத் தட்டைதான். அந்தக் குழி தேய்மானம். தேய்மானத்தையுமா அச்சு எடுப்பீர்கள்? கண் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லையா?

குழாயைச் சரிசெய்துவிட்டேன்.

ஊமைக்கோட்டான்

மார்ச் 21

என்னங்க,

உங்கள் கடிதத்தை மேலாளரிடம் காட்டினேன். அந்தக் குழியைப் 'பழைய அழகு' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தவர் முகம் செத்துப்போயிற்று. எட்டாயிரம் வாட்ச் அந்தக் குழியோடு செய்தாயிற்று. வரைபடத்தில் கையெழுத்து என்னுடையது. எல்லார் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? பதினோரு வருஷத்தில் குழி இல்லாமல் அந்தப் பொத்தானை நான் பார்த்ததே இல்லை. நான் வாயைத் திறந்தால் உங்கள் விரல் அங்கே போய்விடும். "ஏதாவது சொல்லுங்களேன்" என்பேன். டிக், டிக், டிக். எண் எதுவும் போடாமல் சமக்குறியை அமுக்கினால் என்ன வரும்? பூஜ்யம்தான். எனக்கு வந்ததும் அதுதான்.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இந்தத் தடவையும் குழாயைப் பற்றி எழுதினால் பதில் போடமாட்டேன்.

வாயாடி

மார்ச் 26

அன்புள்ளவளே,

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதில் எழுதுகிறேன். நீ வேகமாகப் பேசுவாய். ஒரு பதிலை நான் மனசுக்குள் கோத்து முடிப்பதற்குள் மூன்றாவது கேள்விக்குப் போயிருப்பாய். எதையாவது உளறி உன்னை அழவைத்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் விரல் அங்கே போகும். அந்தச் சத்தம் உன்னை இப்படி அறுத்திருக்கும் என்று தெரியாது.

அங்கே வந்தால் என் வேலை என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. ஆனால் நீ இல்லாத இந்த வீட்டைத் திறந்து உள்ளே வரப் பிடிக்கவில்லை. 'குடும்பம்' என்று எழுது.

உன்,
ஊமைக்கோட்டான்

ஏப்ரல் 1

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. மூன்று முறை படித்தேன். படிவத்தை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன். 'தனி' என்று எழுதியிருக்கிறேன். இனி மாற்ற முடியாதாம். போனை எடுத்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு என்ன கேடு? நேற்றெல்லாம் உங்களை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

கிடைத்திருப்பது ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வாட்ச் கட்டாமல் வாருங்கள். நாற்காலியில் யார் உட்காருவது என்று நாம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள்,
வாயாடி