நாற்பத்தைந்து ஹெச்.பி. கேட்டவள்

மார்ச் 12, 1998, வியாழன்

அப்பாவின் டிராக்டர் இன்று என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. தானாக ஓடி வரவில்லை, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பாதி எனக்கு, பாதி அண்ணன் ஆர்லினுக்கு என்று அப்பா எழுதிவைத்துப் போய்விட்டார். டிராக்டரை எப்படிப் பாதியாக்குவது என்று மட்டும் எழுதவில்லை.

ஆர்லினுக்கு அதை விற்கவேண்டும். இலினாய் மாநிலத்தில் பழைய டிராக்டர் சேகரிப்பவன் ஒருவன் கேட்கிறானாம். பளபளவென்று சிவப்புப் பெயின்ட் இருந்தால் போதுமாம், இஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா நாற்பது வருஷம் உழுத டிராக்டர் எவன் வீட்டுக் கூடத்திலோ பொம்மையாக நிற்பதா?

மார்ச் 14, சனி

கூட்டுறவுக் கடையில் காபி. பழைய டிராக்டர் சங்கத்து ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். விதைப்புக்கு இன்னும் ஆறு வாரம், வேறு வேலை ஏது. சங்கத் தலைவர் வெர்லன் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்: "நாப்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. புதுசா வந்தப்பவே முப்பத்திமூணு ஹெச்.பி.தான். இப்ப இருபது தேறுமா?"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் அதுல நாப்பத்தஞ்சு எடுத்துக் காட்டுறேன்."

சிரித்தார்கள். முப்பத்தொரு வருஷம் இஞ்சின் பட்டறையில் நின்று, இவர்கள் பாழாக்கிக் கொண்டுவந்ததையெல்லாம் சரிசெய்து அனுப்பியவள் நான். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவன்கூடச் சிரித்தான்.

ஆர்லின் சிரிக்கவில்லை. "ஜூலை சந்தையில டைனோவுல மாட்டி சக்தியை அளந்து பார்ப்போம். நாப்பத்தஞ்சு வந்தா வண்டி முழுசா உனக்கு. வரலைன்னா இலினாய்காரனுக்கு. சரியா தங்கச்சி?"

சரி என்றேன்.

ஏப்ரல் 4, சனி

இஞ்சினைப் பிரித்துப் போட்டேன். வால்வுகள் கருகிக் கிடக்கின்றன. அப்பா இதில் எதையும் மாற்றியவர் இல்லை. கம்பெனிக்காரன் மாட்டியதைக் கடவுளே மாட்டியதாக நினைத்த மனிதர்.

பெரிய பிஸ்டன்களுக்குச் சொல்லிவிட்டேன், தலை மேடாக இருக்கும் வகை. காற்று மெலிந்த மலைநாட்டு விவசாயிகளுக்கென்று செய்தது. எங்கள் ஐயோவாவில் மலை எங்கே இருக்கிறது? ஆனாலும் போட்டால் எரிபொருள் நெருக்கமாக அழுந்தும், சக்தி கூடும். சங்கத்தில் பாதிப் பேர் இதைப் பரம ரகசியம் மாதிரிக் காதோடு காதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பாவம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இஞ்சினுக்கு மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் அடிமுகத்தைச் சீவும் நாள். சீவினால் இடம் குறுகும், அழுத்தம் இன்னும் ஏறும். நான் வேலைபார்த்த பழைய பட்டறையில் எனக்காக மெஷினை ஒழித்துக் கொடுத்தார்கள்.

ஆர்லின் அங்கேயே வந்து நின்றான், கையில் வண்ண அட்டையோடு! பெயின்ட் அடிப்பது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டவன், எந்தச் சிவப்பு நல்லாயிருக்கும் என்று கேட்க வந்தானாம். கிளம்பும்போது ஒரு மாதிரி இழுத்தான். "ஆர்டிஸ்... சீவறதுக்கு முன்னாடி ஹெட்டை ஒருதடவை அளந்து பாரேன்."

"பெயின்ட் டப்பா தூக்கறவன் எனக்கு ஹெட்டைப் பத்திச் சொல்லித் தர்றியா? போய் பிரஷ்ஷைக் கழுவு போ."

போய்விட்டான்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு சீவினோமோ அதை ஹெட்டின் மூலையில் எண்ணாகக் குத்திவிடுவோம். இதில் எண் எதுவும் இல்லை. அப்படியென்றால் யாரும் தொடவில்லை. இதை அளக்கவேறு வேண்டுமா?

அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு எடுத்தேன். மூலையில் குத்தினேன்.

மே 16, சனி

வெர்லன் வழியில் மறித்து இலவச ஆலோசனை தந்தார்: "இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னரைத் திருகி ஏத்திவிடு, நாலஞ்சு ஹெச்.பி. தானா வரும்."

தானா வருமாம். கட்டையில் ஏறி நின்றுகொண்டு வளர்ந்துவிட்டேன் என்கிற சாமர்த்தியம். என் இஞ்சின் கம்பெனி சொன்ன வேகத்திலேயே நாற்பத்தைந்து காட்டும்.

ஜூன் 13, சனி

உயிர் வந்துவிட்டது! இரண்டாவது முயற்சியிலேயே. சத்தம் நெஞ்சுவரை அதிர்ந்தது. அழுதேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 20, சனி

பாரம் கொடுத்தால் இஞ்சினுக்குள் லேசாக ஒரு தட்டல், எரிபொருள் முன்கூட்டியே வெடிக்கிற சத்தம். எரிபொருள் மட்டமாக இருக்கும். உயர்ரகம் ஊற்றினேன், தீப்பொறி நேரத்தையும் கொஞ்சம் தாமதப்படுத்தினேன். பெயின்ட் அடிக்க வந்த ஆர்லின், "தட்டுதே" என்றான்.

"உன் காதுல எப்பவுமே ஏதாவது தட்டும்."

தட்டல் குறைந்துவிட்டது. நிற்கவில்லை. குறைந்துவிட்டது.

ஜூலை 18, சனி. சந்தை

எழுதிவிடுகிறேன்.

டிராக்டரின் பின்பக்கத் தண்டில் டைனோவை மாட்டி, வெர்லன் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனார். முப்பத்தாறு. நாற்பது. பன்றியிறைச்சி ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். நாற்பத்துமூன்று. முள் நாற்பத்தேழைத் தொட்டது. தொட்டது! நான் பார்த்தேன், எல்லாரும் பார்த்தார்கள். நான் அவர்கள் மூஞ்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் —

ஒரே ஒரு சத்தம். அப்புறம் நீலப் புகை. ராத்திரி ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது பிஸ்டனில் என் கட்டைவிரல் போகும் அளவு ஓட்டை. சிலிண்டர் சுவரிலும் விரிசல்.

சந்தையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஆர்லின் வந்து சொன்னான்: "நாப்பத்தேழு. என் கண்ணால பார்த்தேன். வண்டி உன்னுது."

ஜூலை 19, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. நேற்றுக் கழற்றிய ஹெட்டை அளந்தேன். இருக்கவேண்டியதைவிட அங்குலத்தில் பத்தில் இரண்டு பங்கு குறைவு; அந்த அழுத்தத்தை எந்தப் பிஸ்டன் தாங்கும்? நான் எடுத்தது பத்தில் ஒன்றுதான். அந்த இன்னொரு பத்தில் ஒன்று எங்கே போனது?

மதியம் ஆர்லின் வந்தான். அளவுகோலை அவன் முன்னால் வைத்தேன். தொப்பியைக் கழற்றினான்.

"அம்பத்தினாலுல. எனக்குப் பதினேழு வயசு. அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்குப் போயிருந்தாரு. பள்ளிக்கூடப் பட்டறையில வெச்சு நான்தான் ஹெட்டைச் சீவினேன். நம்பர் குத்தினா அப்பா பார்த்துடுவாருன்னு குத்தலை. அந்த வருஷம் இழுவைப் போட்டியில அவர்தான் ஜெயிச்சாரு, ஞாபகமிருக்கா? புது ஆயில்தான் காரணம்னு சாகறவரைக்கும் சொல்லிட்டிருந்தாரு."

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் பட்டறைக்கு வந்தேன். பிரஷ்ஷைக் கழுவுன்னே."

"வேணும்னே விட்டுட்டியா?"

"பாதி வேணும்னேதான். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா முதல்ல உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கணும் ஆர்டிஸ். எனக்கு அறுபத்தோரு வயசாச்சு. அலுத்துப் போச்சு."

போய்விட்டான். பெயின்ட் மட்டும் கீறலில்லாமல் பளபளக்கிறது.

ஜூலை 20, திங்கள்

முட்டாள் கழுதை. நான்தான், வேறு யார்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ஆர்லினை நானே கூப்பிட்டேன். வேறொரு வண்டியிலிருந்து சிலிண்டரில் விரிசலில்லாத பழைய இஞ்சின் பிளாக் ஒன்று கிடைத்திருக்கிறது, மறுபடி தொடங்கவேண்டும் என்றேன். நாற்காலி போட்டேன். காபி ஊற்றினேன். பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டேன்: "அப்பாவுக்குத் தெரியாம இதுல வேற என்னென்ன பண்ணின? எல்லாத்தையும் சொல்லு."

சந்தேகமாகத்தான் ஆரம்பித்தான். அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினான். இரண்டு பாகங்களின் பெயரைத் தப்பாகச் சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டேன்.